விண்டோஸில் எஸ்எஸ்எச்: ஒரே கட்டளை ஆளுக்கு ஆள் ஏன் மாறுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ வீட்டில் இருந்தபடி, கொழும்பிலோ சிங்கப்பூரிலோ உள்ள லினக்ஸ் சேர்வரில் வேலை பார்க்கிறவர்களுக்காக இந்தப் பக்கம். கையில் இருப்பது பெரும்பாலும் விண்டோஸ் லெப்டொப். எஸ்எஸ்எச் என்பது தூரத்துச் சேர்வருக்குள் பாதுகாப்பாக நுழைந்து கட்டளை கொடுக்கும் வழி. நண்பருக்கு ஓடிய எஸ்எஸ்எச் கட்டளையை எழுத்து மாறாமல் அடித்தும் நமக்கு மட்டும் பிழை வருகிறது என்பதுதான் திரும்பத் திரும்ப வருகிற முறைப்பாடு. கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

கட்டளை ஒன்றுதானே, பிறகு ஏன் ஒவ்வொரு விண்டோவிலும் ஒவ்வொரு பதில்?

நீங்கள் பார்ப்பது ஒரு கறுப்புப் பெட்டி. அதற்குள் மூன்று ஆட்கள் வேலை செய்கிறார்கள். முதலாவது, எழுத்தைத் திரையில் வரைகிற டெர்மினல்: விண்டோஸ் டெர்மினல், பழைய கன்சோல், கிட் (நிரல்களின் பதிப்புகளைப் பாதுகாக்கும் கருவி) தரும் கிட் பாஷோடு வரும் மின்டி. இரண்டாவது, நீங்கள் அடித்த வரியைப் படித்துப் பிரிக்கிற ஷெல்: சிஎம்டி, பவர்ஷெல், பாஷ். மூன்றாவது, உண்மையில் சேர்வருக்குப் போய்ப் பேசுகிற எஸ்எஸ்எச் நிரல். இதற்கு ஒரே கணினியில் மூன்று நான்கு பிரதிகள் இருக்கலாம்.

எல்லாரும் முதலில் திட்டுவது டெர்மினலைத்தான். ஆனால் மூன்று பேரில் குற்றம் குறைந்தவர் அவர். விண்டோஸ் டெர்மினலில் ஒரு டேப்பில் பவர்ஷெல், பக்கத்து டேப்பில் சிஎம்டி, அடுத்ததில் உபுண்டு திறக்கலாம். விண்டோ ஒன்று, ஷெல் மூன்று. அதனால் "எனக்கு விண்டோஸ் டெர்மினலில் ஓடவில்லை" என்று மட்டும் எழுதினால் உதவிக்கு வருகிறவருக்கு ஒன்றும் விளங்காது.

இத்தனை எஸ்எஸ்எச் சேர்ந்ததற்குக் காரணம் பழைய கதை. லினக்ஸிலும் மேக்கிலும் அது நீண்ட காலமாகக் கூடவே வந்தது. விண்டோஸில் கிடையாது. 1990களின் கடைசியில் சைமன் டாத்தம் எழுதிய புட்டி என்ற எஸ்எஸ்எச் நிரல் அந்த இடத்தை நிரப்பியது. விண்டோஸில் லினக்ஸ் பாணிக் கருவிகளைத் தரும் சிக்வின் தன் பிரதியைக் கொண்டுவந்தது, கிட் தன் பிரதியைக் கொண்டுவந்தது. மைக்ரோசொஃப்ட் 2017 கடைசியில் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டில் ஓப்பன்எஸ்எஸ்எச்சை விரும்பினால் போட்டுக்கொள்ளும் பகுதியாகத் தந்தது. 2018 ஏப்ரல் அப்டேட்டிலிருந்துதான் அது தானாகவே வந்தது. அதற்குள் மற்றவர்கள் எல்லாம் வீட்டில் குடியேறிவிட்டார்கள்.

எந்த எஸ்எஸ்எச் ஓடுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சிஎம்டியில் "வேர் எஸ்எஸ்எச்" என்று அடியுங்கள். கணினியில் கிடைக்கிற பிரதிகளை வரிசையாகச் சொல்லும். முதலில் வருவதுதான் ஓடுவது. பவர்ஷெல்லில் அதையே அடித்தால் ஒன்றுமே வராது. அங்கே "வேர்" என்பது வேறொரு கட்டளையின் சுருக்கப் பெயர். "வேர் டொட் எக்ஸி" என்று முழுதாக அடிக்க வேண்டும், இல்லையென்றால் "கெட்-கமாண்ட் எஸ்எஸ்எச்". (கண்டுபிடிக்கும் கட்டளையே இடத்துக்கு இடம் மாறுகிறது, பாருங்கள்.) பாஷில் "டைப் ஹைஃபன் ஏ எஸ்எஸ்எச்".

சிஸ்டம்32-க்குள் ஓப்பன்எஸ்எஸ்எச் என்ற ஃபோல்டரைக் காட்டினால் அது விண்டோஸின் பிரதி. கிட்டுக்குள் யூஎஸ்ஆர், பின் என்று போனால் கிட்டின் பிரதி. பதிப்பு எண் வேண்டுமானால் எஸ்எஸ்எச்சுக்குப் பின்னால் ஹைஃபனும் பெரிய வி எழுத்தும்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. பழைய 32 பிட் மென்பொருள் ஒன்று உள்ளிருந்து எஸ்எஸ்எச்சைக் கூப்பிட்டால், "அப்படி ஒரு கோப்பே இல்லை" என்று வரும். நீங்கள் போய்ப் பார்த்தால் கோப்பு அங்கேயே இருக்கும்! 64 பிட் விண்டோஸ், 32 பிட் நிரல்கள் சிஸ்டம்32-ஐக் கேட்டால் சத்தமில்லாமல் சிஸ்வாவ்64 என்ற வேறு ஃபோல்டரைக் காட்டிவிடும். அங்கே ஓப்பன்எஸ்எஸ்எச் கிடையாது. அந்த மென்பொருளின் 64 பிட் பதிப்பைப் போடுங்கள், சரியாகிவிடும்.

கிட் பாஷில் வேலை செய்யும் கீயை (கடவுச்சொல்லுக்குப் பதில் உங்களை அடையாளம் காட்டும் கோப்பு) பவர்ஷெல் ஏற்க மறுக்கிறது. கீ கெட்டுவிட்டதா?

இல்லை. "பாதுகாப்பில்லாத பிரைவேட் கீ" என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எச்சரிக்கை வந்தால் பிரச்சினை கோப்பின் அனுமதியில். விண்டோஸின் எஸ்எஸ்எச், அந்தக் கோப்பை வேறு யார் யாரெல்லாம் திறக்க முடியும் என்று விண்டோஸ் வைத்திருக்கும் அனுமதிப் பட்டியலைப் படிக்கிறது. உங்களையும் சிஸ்டம், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் என்ற பெயர்களையும் தவிர இன்னொருவர் பெயர் இருந்தால் கீயைத் தொடாது. கிட்டோடு வரும் எஸ்எஸ்எச் அந்தப் பட்டியலை அப்படிப் பார்ப்பதில்லை.

கோப்பை வலது கிளிக் செய்து, புரொப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்ட் என்று போய் இன்ஹெரிட்டன்ஸை நிறுத்துங்கள். உங்கள் பெயரையும் சிஸ்டத்தையும் மட்டும் விட்டுவிட்டு மற்றப் பெயர்களை நீக்குங்கள்.

பென் டிரைவில் கீ வைத்திருப்பவர்கள் கவனிக்க: எஃப்ஏடி32 போட்ட டிரைவில் அனுமதி என்ற விஷயமே இல்லை. கீயை உங்கள் பயனர் ஃபோல்டருக்குள் இருக்கும் புள்ளி எஸ்எஸ்எச் ஃபோல்டருக்கு மாற்றுங்கள். டபிள்யூஎஸ்எல்லில் (விண்டோஸுக்குள் உபுண்டு போன்ற லினக்ஸை ஓட்டும் வசதி) சி டிரைவின் கீயைக் காட்டினாலும் இதே சண்டை வரும். அங்கிருந்து பார்க்கும்போது சி டிரைவில் இருப்பதெல்லாம் எல்லாருக்கும் திறந்து கிடப்பதுபோலத் தெரியும். உபுண்டுவின் சொந்த ஹோம் ஃபோல்டருக்கு ஒரு பிரதி எடுத்து, அனுமதியை 600 (உங்களுக்கு மட்டும்) ஆக்குங்கள்.

பவர்ஷெல்லில் எஸ்எஸ்எச் கடவுச்சொல் கேட்காமல் உள்ளே விடுகிறது. ஆனால் கிட் புஷ் செய்தால் "பெர்மிஷன் டினைட்". ஏன்?

கிட்டுக்கு நீங்கள் பரிசோதித்த எஸ்எஸ்எச் தெரியாது. அது தன் பிரதியைக் கூப்பிடுகிறது. உங்கள் கீயோ விண்டோஸின் ஏஜென்ட்டிடம், அதாவது கீயைக் கையில் வைத்துக்கொண்டு எஸ்எஸ்எச்சுக்கு உதவும் நிரலிடம், இருக்கிறது. விண்டோஸ் ஏஜென்ட் ஒரு சேர்விஸ். தன்னிடம் பேச ஒரு பெயரிட்ட பைப்பை வைத்திருக்கிறது. கிட்டின் எஸ்எஸ்எச் யூனிக்ஸ் பாணி சொக்கெட்டைத் தேடுகிறது. புட்டியின் ஏஜென்ட் பேஜன்ட் தனி, டபிள்யூஎஸ்எல் இன்னும் தனி. ஒருவரிடம் கொடுத்த கீ மற்றவருக்குத் தெரியாது.

கிட்டின் கொன்ஃபிக்கில் கோர் டொட் எஸ்எஸ்எச்கமாண்ட் என்ற இடத்தில் விண்டோஸ் எஸ்எஸ்எச்சின் முழுப் பாதையைக் கொடுத்துவிடுங்கள். சாய்கோடுகள் முன்பக்கம் சாய்ந்தவையாக இருக்கட்டும். புதிதாகக் கிட் போடுகிறவர்களுக்கு இன்னும் சுலபம். இன்ஸ்டோல் செய்யும்போதே வெளியிலுள்ள ஓப்பன்எஸ்எஸ்எச்சைப் பயன்படுத்தவா என்று ஒரு திரை கேட்கும். படிக்காமல் நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று போகிற இடம் அது.

விண்டோஸின் ஏஜென்ட் சேர்விஸ் முதலில் முடக்கித்தான் வைக்கப்பட்டிருக்கும். சேர்விசஸ் பட்டியலில் அதை ஆட்டோமெட்டிக் ஆக்க வேண்டும். ஒருமுறை சேர்த்த கீ, கணினியை அணைத்துப் போட்டாலும் அதில் நிற்கும். அடிக்கடி கரண்ட் போகிற ஊர்களில் இது சின்ன வசதியில்லை.

புட்டியில் சேமித்த சேர்வர் பெயர்கள் மற்ற இடங்களில் ஏன் தெரிவதில்லை?

புட்டி எல்லாவற்றையும் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் எழுதுகிறது. மற்றவை கொன்ஃபிக் என்ற உரைக் கோப்பைப் படிக்கின்றன. புட்டி அதைப் படிப்பதில்லை. கீயும் பிபிகே என்ற அதன் சொந்த வடிவம்; புட்டிஜென்னின் கன்வெர்ஷன்ஸ் மெனுவில் மாற்றிக்கொள்ளலாம்.

கொன்ஃபிக் கோப்பு எழுதினேன். ஒன்று கண்டுகொள்ளவே இல்லை, இன்னொன்று பிழை காட்டுகிறது.

நோட்பேட் அதை கொன்ஃபிக் டொட் டிஎக்ஸ்டி என்று சேமித்திருக்கும், முதலில் அதைப் பாருங்கள். பிழைச் செய்தியில் 377, 376 என்று எண்கள் தெரிந்தால், விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1-இல் எக்கோ போட்டு, பெரியது குறியால் கோப்பை உருவாக்கியிருக்கிறீர்கள். அந்தப் பவர்ஷெல் யூடிஎஃப்-16 என்ற எழுத்துக் குறியீட்டில் எழுதும். எஸ்எஸ்எச்சுக்கு அது வாசிக்கத் தெரியாது. யூடிஎஃப்-8-இல் திரும்பச் சேமியுங்கள்.

விண்டோஸின் எஸ்எஸ்எச்சும் கிட் பாஷும் வழக்கமாக ஒரே புள்ளி எஸ்எஸ்எச் ஃபோல்டரைத்தான் பார்க்கின்றன. சிக்வினுக்கும் டபிள்யூஎஸ்எல்லுக்கும் வீடு வேறு, அங்கே எல்லாம் தனியாக எழுத வேண்டும். ஏற்கெனவே தெரிந்த சேர்வரைக் காட்டி "இவரை நம்பவா?" என்று அவை புதிதாகக் கேட்பதும் இதனால்தான்.

மேற்கோள் குறி போட்ட கட்டளைகள் மட்டும் ஏன் இப்படிப் படுத்துகின்றன?

இதுதான் உண்மையான தலையிடி, கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

தோட்டத்து லயத்துக்கு வரும் கடிதம் முதலில் தபால் கந்தோர், பிறகு தோட்டத்து ஒபீஸ், அப்புறம்தான் வீட்டுக்காரர் கை என்று வரும் இல்லையா? ஒவ்வொரு கையும் ஓர் உறையைக் கிழித்துவிட்டு மிச்சத்தை அனுப்புவதாக நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று கைக்கும் போதுமான உறை போடாவிட்டால் கடிதம் வீட்டுக்குப் போகும்போது கிழிந்திருக்கும்.

எஸ்எஸ்எச்சில் முதல் கை உங்கள் ஷெல். இரண்டாவது எஸ்எஸ்எச் நிரல். லினக்ஸில் ஷெல் சொற்களைப் பிரித்துத் தனித்தனியாக நிரலிடம் கொடுக்கும். விண்டோஸில் முழு வரியும் ஒரே சரமாகப் போகும், நிரலே பிரித்துக்கொள்ள வேண்டும். பிறகு எஸ்எஸ்எச் எல்லாச் சொற்களையும் நடுவில் இடைவெளி விட்டு மறுபடி ஒட்டி அனுப்புகிறது. மூன்றாவது கை சேர்வரில் இருக்கும் ஷெல். அது முதலிலிருந்து திரும்பப் பிரிக்கிறது.

ஓர் உதாரணம். சேர்வரில் உள்ள பெயர்ப்பட்டியலில் முதல் பத்தியை மட்டும் அவ்க் கட்டளையால் எடுக்க வேண்டும். வெளியே இரட்டை மேற்கோள், உள்ளே ஒற்றை மேற்கோள், அதற்குள் டொலர் 1. இதைச் சிஎம்டியில் அடித்தால் சரியாக வரும். டொலர் குறி சிஎம்டிக்கு ஒரு பொருட்டே இல்லை. பவர்ஷெல்லிலும் பாஷிலும் அடித்தால் முழு வரியும் வரும். அவை இரண்டும் இரட்டை மேற்கோளுக்குள் டொலரைக் கண்டதும் அது தங்கள் மாறி என்று நினைத்து வெறுமையாக்கிவிடுகின்றன. பிழைச் செய்தி எதுவும் இல்லை, விடை மட்டும் தவறு. சிஎம்டியைப் பழசு என்று ஒதுக்குகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் யோசிக்கலாம். பாஷில் டொலருக்கு முன் பின்சாய்கோடு போடுங்கள். பவர்ஷெல்லில் பேக்டிக் போடுங்கள். அல்லது பவர்ஷெல்லில் மட்டும், வெளியே ஒற்றை மேற்கோள் போட்டு, உள்ளே வரும் ஒற்றை மேற்கோளை இரண்டு தடவை அடியுங்கள்.

சிஎம்டிக்கும் அதன் சொந்த வினோதங்கள் இருக்கின்றன. ஒற்றை மேற்கோளை அது மேற்கோளாகவே எடுப்பதில்லை, வெறும் எழுத்துத்தான். அதனால் இணையத்தில் கண்ட லினக்ஸ் உதாரணத்தை ஒற்றை மேற்கோளோடு ஒட்டினால், உள்ளே இருக்கும் ஆம்பர்சான்டில் வரி இரண்டாக உடைந்து, பின்பாதி உங்கள் லெப்டொப்பிலேயே ஓடும். பின்பாதியில் அழிக்கும் கட்டளை இருந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பவர்ஷெல் 5.1-க்கு இன்னொரு கெட்ட பழக்கம்: உள்ளே இருக்கும் இரட்டை மேற்கோளை நிரலுக்குக் கொடுக்கும்போது காப்பாற்றாது. சேர்வரில் சொல் தேடும் கிரெப் கட்டளையில் "பச்சைக் கொழுந்து" என்று இரண்டு சொல்லைச் சேர்த்துத் தேடினால், சேர்வர் "பச்சைக்" என்பதைத் தேடும், "கொழுந்து" என்ற பெயரில் கோப்பு இல்லை என்று புகார் சொல்லும். 7.3-இல் இதைத் திருத்திவிட்டார்கள்.

என் கருத்து: இரண்டு அடுக்கு மேற்கோளுக்கு மேல் தேவைப்பட்டால் அந்தக் கட்டளையை ஒரே வரியில் எழுதப் பாடுபடாதீர்கள். சேர்வரிலேயே ஒரு ஸ்கிரிப்ட் கோப்பாகப் போட்டுவிட்டு, அதன் பெயரை மட்டும் எஸ்எஸ்எச்சில் கூப்பிடுங்கள். எந்த ஷெல்லிலிருந்தும் ஒரே மாதிரி ஓடும்.

பேக்கப் எடுத்தேன், கோப்பு இரண்டு மடங்கு பெரிதாக இருக்கிறது, திறக்கவும் மாட்டேன் என்கிறது.

பவர்ஷெல் 5.1-இல் எஸ்எஸ்எச் கட்டளைக்குப் பின்னால் பெரியது குறி போட்டுச் சேமித்திருக்கிறீர்கள், சரியா? சிஎம்டியும் பாஷும் சேர்வரிலிருந்து வரும் பைட்டுகளை அப்படியே கோப்பில் கொட்டும். பவர்ஷெல் அப்படியில்லை. வருவது எல்லாம் எழுத்து என்று நினைத்து வாசித்து, பிறகு யூடிஎஃப்-16-இல் திரும்ப எழுதுகிறது. ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் இரண்டு பைட் ஆகிவிடும். டார் ஜிஸெட் போன்ற சுருக்கிய கோப்பு முற்றாகக் கெட்டுவிடும்.

தமிழ் இருந்தால் இன்னும் மோசம். ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் கொழுந்து நிறுவைக் கணக்கை, தொழிலாளர் பெயர் தமிழில் இருக்கிற தரவுத்தளத்திலிருந்து இப்படி எடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கன்சோலின் பழைய கோட் பேஜை (எழுத்துக் குறியீட்டு அட்டவணை) வைத்துப் பவர்ஷெல் அதை வாசிக்கும். எண்கள் பிழைத்துக்கொள்ளும், பெயர்கள் எல்லாம் கோடும் கட்டமுமாகிவிடும். மாத முடிவில் சம்பளக் கணக்குப் பார்க்கும்போதுதான் தெரியவரும், அதற்குள் சேர்வரில் பழைய தரவு அழிந்திருக்கலாம்.

பவர்ஷெல் 7.4-இலிருந்து பைட்டுகள் தப்பித்துவிடுகின்றன. ஆனாலும் பேக்கப்புக்கு நான் சொல்வது: சேர்வரில் முதலில் கோப்பாக எழுதி, பிறகு எஸ்எஸ்எச் வழியாகக் கோப்பைப் பிரதி எடுக்கும் எஸ்சிபியில் இறக்குங்கள். எடுத்த கோப்பை ஒருமுறை திறந்து பாருங்கள்.

உள்ளூர் ஸ்கிரிப்டை எஸ்எஸ்எச்சுக்குள் அனுப்பினால் "பேக்ஸ்லாஷ் ஆர்" என்று ஏதோ சொல்கிறது.

விண்டோஸ் வரி முடிவில் இரண்டு குறிகள் போடும், லினக்ஸ் ஒன்றுதான் போடும். மிச்சமான ஒன்றைத்தான் பாஷ் கட்டளை என்று நினைத்துத் தடுமாறுகிறது. எடிட்டரில் வரி முடிவை எல்எஃப் ஆக்கிச் சேமியுங்கள். பவர்ஷெல் பைப் வழியாக அனுப்பினால் அது தானாகவே பழையபடி சேர்க்கும். எஸ்சிபியில் ஏற்றி ஓட்டுவது பாதுகாப்பு.

கிட் பாஷில் அடித்த லினக்ஸ் பாதை, சேர்வரில் சி டிரைவ் என்று மாறிப்போய் நிற்கிறதே?

சாய்கோட்டில் தொடங்கும் சொல்லைக் கிட் பாஷ் விண்டோஸ் பாதையாக மாற்றிக் கொடுக்கும், ஆனால் விண்டோஸ் நிரல்களைக் கூப்பிடும்போது மட்டும். அதன் சொந்த எஸ்எஸ்எச்சுக்கு மாற்றாது. நீங்கள் அங்கிருந்து பிளிங்கையோ (புட்டியோடு வரும் கட்டளை வரி நிரல்) விண்டோஸின் எஸ்எஸ்எச்சையோ கூப்பிட்டிருப்பீர்கள். எம்சிஸ் நோ பாத்கான்வ் என்ற சூழல் மாறியை 1 ஆக்கினால் நிற்கும்.

எஸ்சிபியில் தலைகீழ். கிட் பாஷின் எஸ்சிபிக்கு "சி" எழுத்தும் முக்காற்புள்ளியும் கொடுத்தால், "சி" என்ற பெயரில் ஒரு சேர்வரைத் தேடிப் போய்விடும். சாய்கோடு, சி, சாய்கோடு என்று எழுதுங்கள்.

டொப், விம் போன்றவை எஸ்எஸ்எச் வரியிலேயே கொடுத்தால் ஓடமாட்டேன் என்கின்றன.

கட்டளையோடு சேர்த்துக் கூப்பிட்டால் எஸ்எஸ்எச் சேர்வரில் டெர்மினல் எடுத்துக் கொடுக்காது. ஹைஃபன் சிறிய டி போடுங்கள். நிர்வாகி அதிகாரத்தோடு கட்டளையை ஓட்டும் சூடோ, கடவுச்சொல் கேட்க வேண்டிய இடத்திலும் இதுவே. கிட் பாஷின் மின்டி விண்டோவில் விண்டோஸ் நிரல்கள் இன்னும் கொஞ்சம் குழம்பும். பழைய விண்டோஸில் மின்டியை அவை கன்சோல் என்றே ஏற்பதில்லை. 2018 கடைசியில் வந்த அப்டேட்டில் கொன்பிடிஒய் என்ற ஏற்பாடு சேர்ந்த பிறகுதான் நிலைமை தேறியது.

மழை, பனி வந்தால் சிக்னல் போய்ப் போய் வருகிறது. புட்டி தாங்குகிறது, எஸ்எஸ்எச் அறுந்துவிடுகிறது. புட்டிதான் நல்லதா?

அமைப்பைப் பொறுத்தது. எல்லாவற்றிலும் கீப்அலைவ், அதாவது இணைப்பு உயிரோடு இருக்க இடையிடையே அனுப்பும் சின்னச் செய்தி, முதலில் பூச்சியம்தான். சும்மா இருக்கும் இணைப்பை மொபைல் வலையமைப்பு கொஞ்ச நேரத்தில் மறந்துவிடும், திரை உறைந்து நிற்கும். அதற்காகக் கொன்ஃபிக்கில் சேர்வர்அலைவ்இன்டர்வல் என்பதை 15 என்று போடச் சொல்லும் குறிப்புகள் நிறைய. கொழும்பில் அது சரி. இங்கே கவனம் வேண்டும். பதில் வராமல் எத்தனை தடவை பொறுப்பது என்ற எண் சாதாரணமாக 3. 15 மூன்று தடவை, 45 செக்கன். நானுஓயாப் பக்கம் ரயிலில் போகும்போது மலை மறைத்து ஒரு நிமிடம் சிக்னல் இல்லாவிட்டால், எஸ்எஸ்எச் தானே இணைப்பை அறுத்துவிடும். 30-உம், கவுன்ட்மேக்ஸை 10-உம் ஆக்கிப் பாருங்கள். 5 நிமிடம் பொறுக்கும்.

எது போட்டாலும் ஐபி முகவரி மாறினால் இணைப்பு செத்ததுதான். சேர்வரில் டிமக்ஸ் (இணைப்பு அறுந்தாலும் வேலையை உயிரோடு வைத்திருக்கும் நிரல்) திறந்து அதற்குள் வேலை செய்யுங்கள். கரண்ட் போய் ரவுட்டர் அணைந்தாலும் ஓடிக்கொண்டிருந்த வேலை அங்கே ஓடும், திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளலாம்.

தமிழ் எழுத்து உடைந்து தெரிகிறது. சேர்வரில் கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. டெர்மினல் திரை சம அளவு கட்டங்களால் ஆனது. "கொ" போன்ற எழுத்தின் கொம்பும் காலும் அதில் ஒழுங்காக உட்காருவதில்லை. இது மட்டும் உண்மையிலேயே டெர்மினலின் குற்றம். கேள்விக்குறியாகவோ புரியாத குறிகளாகவோ வந்தால் எழுத்துக் குறியீட்டுப் பிரச்சினை: கன்சோலில் கோட் பேஜை 65001 ஆக்குங்கள். கோப்பை இறக்கி எடிட்டரில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அப்போ எதைத்தான் வைத்துக்கொள்வது?

தினமும் சேர்வர் வேலை என்றால், விண்டோஸ் டெர்மினல், பவர்ஷெல் 7, விண்டோஸின் எஸ்எஸ்எச், கிட்டையும் அதையே பயன்படுத்தச் சொல்லிவிடுங்கள். லினக்ஸ் பழக்கம் முழுதாக வேண்டும் என்றால் டபிள்யூஎஸ்எல். இணைப்பைப் பகிரும் கன்ட்ரோல்மாஸ்டர் வசதி விண்டோஸின் எஸ்எஸ்எச்சில் கிடையாது, டபிள்யூஎஸ்எல்லில் உண்டு. ஆனால் 4 ஜிபி ராம் உள்ள லெப்டொப்பில் டபிள்யூஎஸ்எல் 2 மூச்சு வாங்கும், அதற்குக் கிட் பாஷ் போதும். மூன்றையும் கலந்து வைத்துக்கொண்டு எது எதுவென்று தெரியாமல் இருப்பதுதான் மோசமான தெரிவு.

ஒபீஸில் உள்ள பழைய ரவுட்டருக்குப் புட்டி போகிறது, எஸ்எஸ்எச் "பொருந்தும் ஹோஸ்ட் கீ இல்லை" என்கிறது.

2021-இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 8.8, பழைய ஷா-1 கையெழுத்தைப் பயன்படுத்தும் எஸ்எஸ்எச்-ஆர்எஸ்ஏ முறையை வழக்கத்திலிருந்து எடுத்துவிட்டது. பழைய கருவிக்கு வேறு முறை தெரியாது. ஒரே லெப்டொப்பில் கிட்டின் பிரதி புதிதாகவும் விண்டோஸின் பிரதி பழையதாகவும் இருந்தால், ஒன்று போகும், மற்றது போகாது. ரவுட்டரின் ஃபேர்ம்வேரைப் புதுப்பிக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாவிட்டால் கொன்ஃபிக்கில் அந்த ஒரு கருவியின் பெயருக்குக் கீழே மட்டும் ஹோஸ்ட்கீஅல்கோரிதம்ஸ் என்று எழுதி, கூட்டல் குறியோடு எஸ்எஸ்எச்-ஆர்எஸ்ஏவைச் சேருங்கள். நட்சத்திரக் குறி போட்டு எல்லாச் சேர்வருக்கும் திறந்துவிடாதீர்கள்.